பினாட்டு வாங்கச் சம்மதமா?

எவனோ ஒரு மகாராசா எனக்கு நாள் தவறாமல் மின்னஞ்சல் எழுதுகிறான். கோடி கோடியாகத் தரப்போகிறானாம். எழுதட்டுமா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பினாட்டு விற்கிற நான்தான் கேட்க வேண்டுமாம்.

எங்கள் ஊர் நாரந்தனையில் என் வளவுப் பனைகள் ஆவணியில் பழம் சொரியும். அதைப் பிசைந்து, களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்து, அதன்மேல் மறுபடி ஊற்றிக் காயவைத்து உரித்தெடுப்பதுதான் பினாட்டு. வாங்குகிறவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள். தங்கச்சியின் மகள், என் பெறாமகள், வருடத்தில் ஒருமுறை அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவாள்: பெரியம்மாவின் பினாட்டு காய்ந்துவிட்டது. அவ்வளவுதான். ஐப்பசி மழைக்கு முன் பெட்டிகள் போய்விடும். மழை ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து, ஆட்டுக்கும் உதவாது.

இந்த வருடம் மின்னஞ்சல் கம்பனி எங்கள் கடிதத்தை மறித்துவிட்டது. மகாராசாக்களைப் பிடிக்கச் சட்டமாம். எல்லாரிடமும் முதலில் சம்மதம் கேட்க வேண்டும், விலகிப்போக ஒரு பொத்தானும் வைக்க வேண்டும்.

"மீற ஏலாது, பெரியம்மா," என்றாள் பெறாமகள்.

"சட்டமெண்டால் செய் பிள்ளை," என்றேன். அங்கேதான் பிழை வந்தது. எங்கள் பக்கத்தில் நல்லது கெட்டதை வீடு தேடிப்போய்ச் சொல்வோம். "சொல்லட்டோ?" என்று வாசல் படலையில் நின்று கேட்பது பிறத்தியாரிடம்தான்.

சம்மதம் கேட்ட கடிதம் போய் ஒரு கிழமைக்குள் அத்தனை பேரும் விலகும் பொத்தானை அமத்திவிட்டார்கள். கனடாவிலிருந்து மச்சாள் தொலைபேசியில் வந்தா.

"என்ன மச்சாள், சம்மதமோ எண்டு கேக்கிறீர்? நான் ஆர், பிறத்தியோ?"

"அது சட்டம், மச்சாள்."

"என்ரை கலியாணத்துக்குப் பலகாரம் சுட வந்தனீர். அப்ப கேட்டுக்கொண்டோ வந்தனீர்? போறதுக்குப் பொத்தானும் வைச்சிருக்கிறீர்! நான் அமத்திப்போட்டன். எங்கடை ஆக்களுக்கும் அமத்தச் சொன்னனான்."

"அமத்தினால் உமக்கு இனி எழுத ஏலாது."

"எழுதாதையும்!"

"எழுதேல்லை, போம்."

பொத்தானை அமத்தியவருக்குத் திரும்ப எழுதினால் கணக்கையே பூட்டிவிடுவார்களாம். தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்ச எனக்கு வாய் வராது. அறை நிறையப் பினாட்டு. வாடைக்காற்றும் தொடங்கிவிட்டது.

அப்போது ஊரில் ஒருவர் கனடாவுக்குப் புறப்பட்டார். பொட்டலத்துக்கு ஒரு சட்டமும் இல்லை. நல்ல தடித்த பினாட்டாகப் பார்த்து மச்சாளுக்குக் கட்டிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் தொலைபேசி அடித்தது.

"ஆரைக் கேட்டு அனுப்பினனீர்?"

"ஆரையும் கேக்கேல்லை."

"ஓம், அதுதானே முறை. இன்னும் கிடக்கோ?"

அமத்தச் சொன்ன அதே வாயால் மச்சாள் எல்லாருக்கும் சொன்னா. பெட்டிகள் போயின. ஆனால் பாதிப் பினாட்டை மழை பிடித்துவிட்டது. கிணற்றடி வாழைக்குக் குழி வெட்டித் தாட்டேன்.

அன்றைக்கும் மகாராசாவின் மின்னஞ்சல் வந்திருந்தது. சம்மதம் கேட்கவில்லை, போகப் பொத்தானும் வைக்கவில்லை. எங்கள் முறைப்படி பார்த்தால், அவன்தான் எனக்குக் கிட்டின சொந்தம்.