வாவிக்குள் ஒருவன் நடந்துகொண்டிருக்கிறான்

வெள்ளவீரன் சாகவில்லை. அவனை வாவிக்குள் இறக்கியவள் நான். இன்றுவரை கரையேற விடாமல் வைத்திருப்பவளும் நான்தான்!

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னைத் திட்டலாம், காறித் துப்பலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் துப்புங்கள். அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஊரெல்லாம் கதை பரப்புகிறவர்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

அவனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைபேசியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தில் இழுபட்ட பேருந்தைத் தோள்கொடுத்து நிறுத்தினானே, அந்தப் பொடியன்தான். நீருக்கடியில் மூச்சைப் பற்றிய கவலையே இல்லாமல் நடப்பான். கூரையில் ஏறி நிற்கும் சனத்தை வாரியெடுத்துத் தோளில் சுமந்து வருவான். முச்சக்கர வண்டிகளின் முதுகெல்லாம் அவன் படம். சொந்தப் பெயர் கிருபா. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை.

எனக்கும் ஒரு பட்டம் வைத்தார்கள். குரல்பேய்! அதுவும் படுவான்கரைச் சனம் வைத்ததுதான். ஏன் வைத்தார்கள் என்று சொல்கிறேன்.

நான் பெரியகல்லாற்றுக்காரி. வாவி கடலில் சேரும் எங்கள் ஆற்றுவாய் பெரும்பாலும் மணலால் அடைபட்டுக் கிடக்கும். மாரி மழை கொட்டினால் வாவி நிரம்பி மேற்கே வட்டைக்குள் ஏறும். வயல்வெளியைத்தான் வட்டை என்போம். அப்போது மணலை வெட்டி, வாவியைக் கடலுக்குத் திறந்துவிட வேண்டும். வயற்காரருக்கு அது உடனே நடக்க வேண்டும். மீன்காரருக்கோ எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு நல்லது. திறந்துவிட்டால் இறால் எல்லாம் கடலோடு போய்விடுமே!

வெட்டு விழுந்த பிறகு வாவி இழுக்கும் இழுவையில் எந்தத் தோணியும் நிற்காது. அதனால் எங்களிடம் ஒரு முறை உண்டு. மணல்திட்டில் அழைப்புக்காரி ஒருத்தி மட்டும் நிற்பாள். மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். வயற்காரர் வந்து அவளுக்கு வெற்றிலை வைத்துக் கேட்பார்கள். அவள் வாவியில் நிற்பவர்களைக் கரையேறச் சொல்லிக் கூப்பிடுவாள். கடைசித் தோணியும் ஏறிய பிறகு “வெட்டுங்கோ” என்று வாய்திறந்து சொல்வாள். அவள் பேசாமல் நின்றால் மண்வெட்டியைத் தொடக்கூடாது. எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்த அழைப்புக்காரி நான்.

துடுப்பை நீரில் இறக்கி, அதன் பிடியில் வாய் வைத்து நான் பேசினால் வாவியின் எந்த மூலையில் நிற்பவருக்கும் கேட்கும். காதை வைத்தால் நீரில் நிற்பவர் பேசுவது எனக்குக் கேட்கும். பிறவியிலேயே வந்தது. கடவுள் ஏன் என்னைப் போன்ற கோபக்காரிக்கு இதைக் கொடுத்தாரோ... தெரியாது.

அந்த மாரியில் வயற்காரர் வெற்றிலையோடு வரவில்லை. வெள்ளவீரனோடு வந்தார்கள்!

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்? எத்தனை வருடம் மழையில் நனைந்து நின்று கூப்பிட்டவள் நான்? என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, ஒரு மரியாதை இல்லை. நீட்டு நீட்டென்று வளர்ந்த ஒரு பொடியனை மணல்திட்டில் ஏற்றிவிட்டுக் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். சரி, பார்ப்போம் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள், அதையும் பார்ப்போம்!

என் மனுசன் அப்போது வாவியில் வலை தூக்கிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

அந்தப் பிள்ளை என் அருகே வந்தான். விடியற்காலையிலிருந்து சனத்தைச் சுமந்து சுமந்து முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

“அக்கா, எல்லாரும் கரையேறிட்டாங்களா?”

நான் கடலைப் பார்த்தேன்.

“உங்களத்தான் அக்கா. தண்ணிக்குள்ள ஆரும் நிக்கிறாங்களா?”

முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தொடாதே. ஆனால் அவன் வயற்காரப் பிள்ளை அல்லவா? ஆபத்து இருந்தால் இந்த அக்கா சொல்லாமல் இருப்பாளா என்று நினைத்திருக்கிறான். மேற்கே ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையில் பிள்ளைகள் நிற்பதாகத் தள்ளி நின்றவர்கள் கத்தினார்கள். அவன் இன்னும் கொஞ்சம் காத்துநின்றான். பிறகு, “அப்ப சரி அக்கா” என்று குனிந்து கைமுட்டியால் மணலில் ஓங்கிக் குத்தினான்.

பிட்டு உதிர்வதுபோல மணல்திட்டு உதிர்ந்தது.

நான் துடுப்போடு ஓடினேன். நீரில் குத்திக் காதை வைத்தேன். நிறைய இரைச்சல்... அதற்குள் அவர் குரல்.

“இஞ்ச நிக்கிறன்... இஞ்ச நிக்கிறன்...”

பிறகு ஒன்றும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஊர் கூடிவந்து கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அவன் ஒரு வார்த்தை கேக்கல்ல. வந்தான், அடிச்சான்!”

அலைச் சத்தத்தில் அவன் கேட்டது யார் காதிலும் விழவில்லை. எங்கள் கடற்பக்கக் கரையான எழுவான்கரை முழுவதும் என்னை நம்பியது. படுவான்கரையில் மட்டும் நான் குரல்பேய் ஆனேன். வாய் திறக்காமல் நின்று பயிரைச் சாகவிடப் பார்த்த பேய்... அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கு அப்போதே உறைத்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த சில நாட்களில் அவன் வந்தான். பட்டப்பகல், வெயில் கொளுத்தியது. தோளில் ஒரு மூட்டை அரிசி, தன் வயலில் விளைந்தது. வீட்டுப் படலைக்கு வெளியே நின்றபடி அழுதான்.

“நான் கேட்டனான் அக்கா. நீங்க பேசாம நிண்டதும் ஆரும் இல்லையெண்டு நினைச்சிட்டன். பிழையா விளங்கிட்டனா? பயப்பிடாதீங்க... நான் ஆருட்டயும் சொல்லல்ல.”

நான் ஆருட்டயும் சொல்லல்ல! இந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். இவன் எனக்கு இரக்கம் காட்டினான். நான் செய்தது இன்னதென்று அறிந்த ஒரே ஆள், அரிசி மூட்டையோடு வந்து எனக்கு இரக்கம் காட்டுகிறான்! உடம்பெல்லாம் எரிந்தது.

“வா, ஒண்டு காட்டுறன்” என்று கரைக்குக் கூட்டிப்போனேன்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். துடுப்பில் கேட்ட குரலை நான் திரும்ப நீரில் வைக்கவும் முடியும். சிறுமியாக இருந்தபோது ஒருமுறை செய்தேன். என் மச்சாள் ராணியின் தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாள். முன்பு தோணியில் நின்று அவள் மகளைக் கூப்பிட்ட குரலை எடுத்து நீரில் வைத்தேன். ராணி கரை முழுவதும் ஓடி ஓடித் தேடினாள். கிட்டப் போனால் குரல் எட்டப் போகும். பாவமாகிப்போய், “நான்தான்டி, விளையாட்டுக்கு” என்றேன். அவள் தேடுவதை நிறுத்தினாள். அந்தக் கணமே குரல் அறுந்தது. மறுபடி வைக்கப் பார்த்தேன், வரவேயில்லை. நினைவில்கூட அந்தக் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ராணிக்கும் தெரியவில்லை...

வாவி அன்று அசையாமல் கிடந்தது. கரையோரக் கண்ணா மரக்காட்டில் ஒரு கொக்குக்கூட இல்லை. துடுப்பை இறக்கினேன். என் மனுசனின் குரலை நீரில் வைத்தேன்.

“காதை வைச்சுக் கேளு.”

அவன் குனிந்து கேட்டான். முகம் அப்படியே விரிந்தது. மகிழ்ச்சி! என்ன செய்தும் அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

“அண்ணன் உசிரோட நிக்கிறார் அக்கா! கூப்பிடுறார்!”

“பிறகு என்னத்துக்கு இஞ்ச என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய் மனே?”

மனே என்றேன். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற வாயால்!

அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. இடுப்பளவு நீரில் நின்று திரும்பி, “கூட்டிக்கொண்டு வாறன் அக்கா” என்றான். பிறகு தலை மறைந்தது. குமிழிகள் கொஞ்ச தூரம் போயின. அரிசி மூட்டை மட்டும் கரையில் கிடந்தது.

ஒரு நாள் அலையட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக! மறுநாள் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவோம், நன்றாகப் பட்டுவிட்டு வரட்டும் என்று... மறுநாள் போய்க் காதை வைத்தேன்.

“இஞ்ச நிக்கிறன்... இஞ்ச நிக்கிறன்...”

“வாறன் அண்ணே. பயப்பிடாதீங்க. வாறன்.”

அவன் குரலை நான் கவனிக்கவே இல்லை. என் மனுசனின் குரல்! அதே கரகரப்பு. இருமலை அடக்கிக்கொண்டு பேசுவதுபோன்ற அதே இழுப்பு. அவர் பேசிய பதிவு ஒன்றுகூட என்னிடம் கிடையாது. கைபேசியும் அவரோடு போய்விட்டது. இந்த உலகத்தில் அவர் குரல் இருப்பது வாவியில் மட்டும். கிருபா தேடும் வரைக்கும் இருக்கும். நான் உண்மையைச் சொன்னால் அவன் நின்றுவிடுவான். நின்றால் குரல் அறுந்துவிடும். பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

அதனால் நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. இரண்டு மாரி போய்விட்டது.

ஊரில் ஏதேதோ நடக்கிறது. கண்டல் வேரில் சிக்கிய வலை தானாக அவிழ்ந்து வருகிறது. சேற்றில் தட்டிய தோணியை யாரோ அடியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். நீர் வற்றும் நாட்களில், மனிதர் போகாத இடத்துச் சேற்றில் வெறுங்கால் தடங்கள் தெரிகின்றன. எல்லாம் போகிற தடங்கள், வருகிற தடம் ஒன்றும் இல்லை. அம்மன் நடக்கிறாள் என்று கும்பிடுகிறார்கள். நானும் கூட நின்று கும்பிடுகிறேன், வெட்கமில்லாமல்!

போன மாதம் அவன் தாய் வந்தாள். மெலிந்து, காய்ந்துபோன மனுசி. கையில் ஒரு சோற்றுப் பொதி. மகன் எந்தக் கரையில் ஏறினாலும் பசியோடுதான் ஏறுவானாம்.

“புள்ள, உனக்குத் தண்ணிக்குள்ள கேக்கும் எண்டாங்க. என்ட மகன்ட சத்தம் எங்கயாவது கேக்குதாகா?”

துடுப்பு என் கையில்தான் இருந்தது. சற்று முன்புதான் கேட்டிருந்தேன். அவன் குரல் முன்பைப்போல இல்லை, களைத்துவிட்டது. “அண்ணே, கொஞ்சம் நில்லுங்க அண்ணே...” என்று கெஞ்சத் தொடங்கிவிட்டான்.

“இல்லக்கா. ஒண்டும் கேக்கல்ல” என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தடவினாள். “நீயும் பறிகுடுத்தவள்தானே, உனக்குத் தெரியும்” என்றாள். சோற்றுப் பொதியை என்னிடமே தந்துவிட்டுப் போனாள். நான் அதைத் தின்றேனா என்று கேட்கிறீர்களா? தின்றேன்! பசித்தது, தின்றேன். அது தொண்டையால் இறங்கும்போது எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது...

இந்த மாரி பொல்லாததாக இருக்கிறது. ஆற்றுவாயில் மணல் கற்பாறையாக இறுகிவிட்டது. வெட்ட வந்த இயந்திரமும் புதைந்து கிடக்கிறது. மேற்கே வட்டை எல்லாம் வெள்ளம். சனம் மேட்டுக்குப் போய்விட்டது, அந்தத் தாயைத் தவிர. அவள் வீட்டை விட்டு அசைய மாட்டாளாம். மகன் வந்து தன்னைத் தூக்கிக்கொண்டு போவான் என்று வாசலில் குந்தியிருக்கிறாளாம். படகுக்காரர் இழுத்தும் பார்த்துவிட்டார்கள். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம்.

நான் கூப்பிட்டால் அவன் வருவான். “கிருபா, அது பொய்யடா. உன்ட அம்மாட்ட ஓடு” என்றால் போதும். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அவன் மணலையும் உடைப்பான், தாயையும் தூக்குவான். என்னை என்ன செய்வானோ, செய்யட்டும். அதற்கு நான் பயப்படவில்லை.

வெள்ளம் அவள் வீட்டு வாசலுக்குள் வந்துவிட்டதாம். இப்போதுதான் ஒரு பொடியன் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனான்.

துடுப்பை நீரில் இறக்கிவிட்டேன். வாயை வைப்பதற்கு முன் காதை வைத்திருக்கிறேன். அவர் பேசுகிறார்... ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டு விடுகிறேன்.

நேற்றும் இப்படித்தான் சொன்னேன்.