லிப்டுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே எங்கள் கன்டோன்மென்ட் கடைத்தெருவில் எழும்பிய மூன்று மாடிக் கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டடங்களெல்லாம் தொண்ணூறுகளில் கண்ணாடி மாளிகைகளாகிவிட்டன. இது தப்பியதே பெரிது. ஆனால் வாசலில் வைத்த பலகையில், 'போர்க்கால உதிரிபாகத் தட்டுப்பாட்டால் லிப்ட் நின்றது' என்றிருக்கிறது. உதிரிபாகமாவது, தட்டுப்பாடாவது! லிப்டை நிறுத்தியவன் நான். போய்ச் சொன்னால் பலகை வைத்த இளைஞர், "சார், எலுமிச்சம்பழம்னெல்லாம் போர்டுல எழுத முடியாது, பேஜார் பண்ணாதீங்க" என்கிறார். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மாமா இருந்தவரை வாய் திறக்காதவனுக்கு இந்த அலுப்பு வேண்டியதுதான்.

நான் கடைத்தெருவுக்குப் பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவில் மாமா வீட்டில் வளர்ந்தேன். அந்த லிப்டை ஓட்டியவர் அவர்தான். காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான். லிப்ட் அடிக்கடி மக்கர் செய்யும். இன்னொரு முறை நின்றால் லிப்டையும் மூடி மாமாவையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகக் கட்டட முதலாளி எச்சரித்திருந்தார்.

ஆயுத பூஜையன்று மாமா என்னையும் அழைத்துப்போனார். தெருவிலிருந்த கார், ஜட்கா, சைக்கிள் எல்லாவற்றின் சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். லிப்டுக்கு மட்டும் வெறும் சந்தனப் பொட்டு.

"மாமா, லிப்ட்டுக்குப் பழம்?"

"அதுக்குச் சக்கரம் எங்கடா கீது? கயித்துல தொங்குது. சும்னே இரு, கிட்ட போவாத."

சக்கரம் இருந்தது. லிப்டின் மடக்குக் கதவு, அதன் தரையிலேயே இருந்த பள்ளத்தில் சின்னச் சக்கரங்களில்தான் ஓடியது. மாமா அந்தப் பக்கம் போனதும், அவர் சைக்கிளுக்கு வைத்திருந்த பழத்தை எடுத்து வந்து அந்தப் பள்ளத்தின் கோடியில் திணித்தேன்.

மேல்மாடிப் பூஜைக்கு முதலாளி வந்தார். படியேற முடியாத உடம்பு. மாமா சலாம் வைத்து உள்ளே ஏற்றிக் கதவை இழுத்தார். அது முரண்டு பிடித்தது, ஓங்கி அழுத்தினார். லிப்ட் கிளம்பியது. கதவு முழுக்க மூடியிருந்தால்தான் அது ஓடும். பாதி உயரத்தில், நசுங்கிய பழம் கதவை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளியது. லிப்ட் நின்றது. தோல் சக்கரத்தில் சிக்கிக்கொண்டதில் கதவு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

"என்னய்யா அது பள்ளத்துல?" என்றார் முதலாளி.

"எலுமிச்சம்பழம்ங்க."

"எவன் வெச்சான்?"

மாமா கம்பிகளின் வழியே கீழே நின்ற என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க வெச்சேன்."

"லிப்ட்டுக்கு ஊறுகாயா போடுற? போய்யா வீட்டுக்கு!"

முதலாளியை எப்படியோ கீழே இறக்கி, மாலைக்குள் லிப்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். மாமா காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு சைக்கிளை மிதித்தார். என்னை அடிக்கவில்லை. வழியில் ஒரு பன்கூட வாங்கித் தந்தார்.

"இன்னாங்க, சட்டை எங்க?" என்றாள் அத்தை.

மாமா சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தார். நான்தான் குதித்துக்கொண்டு சொன்னேன்: "அத்தை, இனிமே மாமா வேலைக்கே போவ வேணாம்! தினமும் வூட்லயே இருப்பாரு!"

உலை வைக்க அரிசி எடுத்திருந்த அத்தை, அதில் பாதியைத் திரும்ப அரிசிப் பானையில் கொட்டினாள். அவளுக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.