நோரீன் டாஸ்கர் திருப்பி வாங்கியது

நோரீன் டாஸ்கரிடம் வங்கி திருடியது என்று நான் சொன்னால், எங்கள் கிரிம்ஸ்பி ஊரில் சிலர் இன்றைக்கும் முகம் சுளிக்கிறார்கள். திருட்டு என்பது பெரிய வார்த்தையாம். விதிமுறைப்படி பிடித்தம் செய்தார்களாம். எனக்கு அந்த நாசூக்கெல்லாம் வராது. மீன் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக அவள் பக்கத்தில் நின்று ஹேடாக் மீனில் முள் பிடுங்கியவள் நான். கையெழுத்துப் போட்ட பேனாவால் எடுத்தாலும் திருட்டு திருட்டுதான்.

நோரீனைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் குறை சொல்லத் தெரியாது. ஒரு தடவை கத்தி நழுவி விரலில் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டிவிட்டது. நீலப் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, கீறல்தான்" என்று அடுத்த மீனை எடுத்தாள். காலையில் யாராவது எப்படி இருக்கே என்று கேட்டால், "குறை சொல்றதுக்கில்ல" என்பாள். அவள் மட்டுமில்லை, எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. சவ ஊர்வலத்தில் முதல் ஆளாக நடந்து போகிறவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். நிஜமான பதிலைச் சொன்னால் கேட்டவருக்குத்தான் சங்கடம்.

அவள் புருஷன் கென், வாலிபத்தில் ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் போனவன். நுரையீரல் கெட்டு, தெருவைப் பார்த்த முன்னறையிலேயே கட்டிலும் ஆக்சிஜன் மெஷினுமாகக் கிடந்தான். நகராட்சி வாடகை வீடு. அவனுக்காகவே வாசலை அகலப்படுத்தி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த வீடு போனால் அடுத்து எங்கே என்பதை நோரீன் யோசிக்கவே மாட்டாள். யோசித்தால் மூன்றாவது மாடியில் ஏதாவது ஒரு அறை. கென்னால் மூன்று படி ஏற முடியாது.

இரண்டாயிரத்து எட்டில் தொழிற்சாலையில் வேலை நாளைக் குறைத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் மூன்றானது. அந்த மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற மின்சாரக் கட்டணத்துக்கு நாலு பவுண்டு பற்றவில்லை. வங்கி அந்தக் கட்டணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, திருப்பி அனுப்பியதற்கு முப்பத்தைந்து பவுண்டு தண்டம் போட்டது. அந்தத் தண்டத்தைப் பிடித்ததால் அடுத்த மாதம் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனது. கீழே போனதற்கு ஒரு தண்டம். கீழே போனதைக் கடிதம் போட்டுச் சொன்னதற்கு இன்னொரு தண்டம். ஒரு தாளும் ஒரு தபால்தலையும் அவ்வளவு விலை என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

இதில் என் வயிற்றெரிச்சல் எதில் என்றால், நேரத்தில். வியாழக்கிழமை சம்பளம் விழும். வெள்ளிக்கிழமை வாடகை போக வேண்டும். வங்கி அதற்கு முன்னாலேயே கையை விட்டுத் தன் தண்டத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் வாடகைக்குப் பற்றாது, அது திரும்பும், அதற்கும் தண்டம். இப்படியே குளிர்காலம் முடியும்போது வாடகை நிலுவையில் பாதிக்கு மேல் வங்கி விழுங்கிய காசுதான். வீட்டைக் காலிபண்ணச் சொல்லி நகராட்சி கோர்ட்டில் வழக்குப் போட்டது. கென்னிடம் அவள் மூச்சு விடவில்லை. என்னிடம் சொன்னதே, வேலை முடிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றுகிற இடத்தில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்.

அவளைப் பிடித்து இழுக்காத குறையாக இலவச ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே கிளைவ் என்று ஒருவர், தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். நியாயமில்லாத தண்டத்தைத் திருப்பிக் கொடு என்று நாடு முழுக்க ஜனங்கள் வங்கிகளைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கிளைவ் அவளுக்காக எழுதினார். வங்கியிலிருந்து பதில் வந்தது. இந்த விவகாரம் மேல் கோர்ட்டில் இருப்பதால் எல்லாக் கோரிக்கைகளும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன, கடுமையான பணக் கஷ்டத்தில் இருப்பவர்களுடையதை மட்டும் இப்போதே கவனிப்போம், நிலைமையைத் தெரிந்துகொள்ள போன் செய்வோம் என்று. கிளைவுக்குச் சந்தோஷம். உன்னைவிடக் கஷ்டத்தில் யார் இருக்கிறார்கள், இது முடிந்த மாதிரிதான் என்றார்.

போன் வந்தது தொழிற்சாலைக் கேன்டீனில். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு பெண் எங்கிருந்தோ பேசினாள். எப்படி இருக்கிறீர்கள் மிசஸ் டாஸ்கர் என்று கேட்டிருப்பாள் போல.

"நல்லா இருக்கேன் கண்ணு, நீ எப்படி இருக்கே?" என்றாள் நோரீன்.

எனக்குத் திக்கென்றது. அடுத்து செலவையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். "ஏதோ சமாளிச்சிட்டு இருக்கேன். குறை சொல்றதுக்கில்ல" என்றாள். மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். என்னைப் பார்த்து முறைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் ஊரில் மழை பெய்கிறதா என்று விசாரித்தாள். வைத்ததும், பாவம், நல்ல பொண்ணு, குரலே அசந்து போயிருந்தது என்றாள்.

அடுத்த வாரம் பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. காரணத்தை கிளைவ் உரக்கப் படித்தார். தொலைபேசியில் பேசியபோது, தாம் சமாளித்து வருவதாகவும், தமக்குக் குறை ஏதும் இல்லை என்றும் வாடிக்கையாளர் தெரிவித்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எனக்கு அங்கேயே ஏதாவது ஒன்றைத் தூக்கி அடிக்க வேண்டும் போல இருந்தது. குட் மார்னிங் என்று சொன்னவளைப் பிடித்து, இந்தக் காலை நல்ல காலை என்று ஒப்புக்கொண்டாய் என்று எழுதி வைத்துக்கொள்கிற மாதிரி அல்லவா இது. போனில் கேட்ட பெண்ணும் இந்த நாட்டுக்காரிதான். அவள் அம்மாவும் அவள் அத்தையும் ஆயுள் முழுக்க இதையேதான் சொல்லியிருப்பார்கள். இதற்கு அர்த்தம் தெரியாதவர் இந்தத் தீவிலேயே கிடையாது. தெரிந்தும் தெரியாத மாதிரி எழுதினார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிளைவ் சொன்னார்: "நோரீன், இந்தத் தடவ நேர்ல போங்க. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க. சாப்பாடு இல்லன்னா இல்லன்னு சொல்லணும்."

"கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டா? ஊரு பூரா வரிசைல நிக்கும். அதுக்குப் பிச்சை எடுக்கலாம்."

"உன் காச நீ கேக்கறதுக்குப் பேரு பிச்சையா?" என்று நான் கத்தியதில், பக்கத்து மேஜைக்காரர் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. கேன்டீனில் அவள் டீ மட்டும் குடிப்பாள், வீட்டில் கென்னோடு சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பாள். வீட்டுக்குப் போய் கென்னுக்கு மட்டும் தட்டு வைப்பாள், தொழிற்சாலையில் சாப்பிட்டுவிட்டேன் என்பாள். நான் இதைக் கேட்டபோது அவள் இல்லை என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போனோம். அடுத்த செவ்வாய் கோர்ட்டு. வங்கியில் கூட்டம் கதவு வரைக்கும் நின்றது. முக்கால்வாசிப் பேர் தெரிந்த முகம். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றவன் டேமியன், உதவி மேனேஜர். அவன் அம்மா ஷீலா எங்களோடு வேலை பார்த்தவள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் நோரீன் வீட்டில்தான் ரொட்டியும் ஜாமும் தின்பான். நோரீனைப் பார்த்ததும் நிஜமாகவே முகம் மலர்ந்தான்.

"வாங்க ஆன்ட்டி. எப்படி இருக்கீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பழைய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதை நான் பார்த்தேன். கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இல்ல, டேமியன்."

அவன் சிரித்த வாயை மூட மறந்து நின்றான். அப்புறம் தாழ்ந்த குரலில், உள்ளே அறைக்குப் போய்விடலாம் என்றான்.

"உள்ள வந்தா மறுபடி நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இங்கயே சொல்றேன், எழுதிக்க. நான் பாதி நாள் சாப்பிடறதில்ல. ஹீட்டர் போட காசில்லாம கென் கோட்டோட படுத்திருக்காரு. வாடகைக்குன்னு சம்பளம் வந்தா, வாடகைக்கு முன்னாடி நீங்க எடுத்துக்கறீங்க. செவ்வாக்கெழம என் வீட்டை எடுக்கப் போறாங்க. சமாளிக்கறேன்னு போன்ல சொன்னேன். அது பொய். எனக்குக் குறை இருக்கு. உங்க மேலதான் குறை."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூடக் கேட்கிறவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன். ஒருவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தி சுவரில் இருந்த சுற்றுலா இன்சூரன்ஸ் விளம்பரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள், ஏதோ அடுத்த வாரம் ஸ்பெயினுக்குக் கிளம்புகிற மாதிரி. அந்த வரிசையில் அதே தண்டத்தைக் கட்டி அழுதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஒருவர் வாய் திறக்கவில்லை. அவர்கள் மேலும் எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

டேமியன் காது வரை சிவந்து போய் எழுதிக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அன்று சாயங்காலம் வரை தலைமை அலுவலகத்தோடு போனில் மல்லுக்கு நின்றிருக்கிறான். திங்கட்கிழமை மத்தியானம் வரச் சொன்னான். பிடித்த தண்டம் முழுவதையும் தருகிறார்களாம்.

கிளைவ் முன்கூட்டியே எச்சரித்திருந்தார், பணத்தை அந்தக் கணக்கில் போட விடாதே, பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கிற கணக்கு, எடுத்த வாயே மறுபடி விழுங்கிவிடும் என்று. அதனால் நகராட்சி பெயருக்குக் காசோலை கேட்டாள். கொடுத்தார்கள். கூடவே கையெழுத்துக்கு ஒரு தாளும் நீட்டினார்கள். அதில் இப்படி இருந்தது: வங்கி எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. நல்லெண்ணத்தின் பேரில் மட்டுமே இத்தொகை வழங்கப்படுகிறது.

"நல்லெண்ணமா? யாரோட நல்லெண்ணம்?" என்றாள் நோரீன்.

"அது அப்படித்தான் எழுதுவாங்க ஆன்ட்டி. கையெழுத்து போடலன்னா இன்னிக்குக் காசோலை தர முடியாது."

மறுநாள் கோர்ட்டு. வேறு வழியில்லை, போட்டாள். அவன் காசோலையை உறையில் வைத்துக் கொடுத்தான். அவள் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "ரொம்ப நன்றி கண்ணு. உனக்குத்தான் வீண் சிரமம்" என்றாள். நாங்கள் வெளியே வந்தோம்.

நகராட்சி அலுவலகத்தில் காசோலையைக் கட்டினோம். வங்கி விழுங்கிய பங்கு அப்படியே அடைந்தது. மீதியை வாராவாரம் கொஞ்சமாகக் கட்டலாம், வழக்கை வாபஸ் வாங்குகிறோம் என்று அங்கிருந்த அம்மாள் எங்கள் கண்ணெதிரே கோர்ட்டுக்குப் போன் செய்து சொன்னாள். வீடு தப்பியது. கென்னின் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கலாம், இன்று நீ என் முன்னால் உட்கார்ந்து தின்றாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பக்கத்தில் ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால், மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

"நான் அவன்கிட்ட நன்றி சொன்னேனா?"

"சொன்னே."

"சிரமம்னு வேற சொன்னேனா?"

தலையாட்டினேன். கோர்ட்டிலிருந்து தபால் வந்தபோது அழாதவள், பசியோடு நின்று மீன் அறுத்தபோது அழாதவள், அந்தக் கடையின் இரும்புக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். என் காசை எடுத்து, என் வீட்டையும் எடுக்கப் பார்த்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். விடு, வாய்ப் பழக்கம்தானே என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

வங்கி மூடுகிற நேரம். வரிசையில் இன்னும் சிலர் நின்றிருந்தார்கள். அவள் வரிசையை மீறி நேரே முன்னால் போனாள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அநாகரிகம் கிடையாது. டேமியன் தலை நிமிர்ந்தான்.

"மத்தியானம் உன்கிட்ட ஒரு நன்றி சொல்லிட்டுப் போனேன், டேமியன். உனக்குன்னா வெச்சுக்க. வங்கிக்குன்னா அத நான் திருப்பி வாங்கிக்கறேன்."

வரிசையில் நின்றவர்கள் இந்தத் தடவை அவளைத்தான் பார்த்தார்கள்.

"சரி ஆன்ட்டி" என்றான் அவன். வேறு என்ன சொல்வான்.