தவளைகளைக் கேட்கும் வேலை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்துகொண்டு தவளைகளைக் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. "தவளை கத்துறதைக் கேக்கவும் சல்லி குடுக்கினமோ?" என்று என் கணவர் இன்னும் கேட்கிறார். ஒரே பகிடியை இந்த மனிதர் எத்தனை தரம்தான் சொல்வாரோ.

பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அது. வன்னியில் வயலுக்கு மருந்து அடிக்க அடிக்கத் தவளையும் பூச்சியும் எப்படிக் குறைகின்றன, அங்குள்ளவர்களின் சோற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். வயலோர வேப்பமரத்தில் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். பொழுதுபடும் நேரம் அது தானாக விழித்து, காதில் விழுவதையெல்லாம் பதிந்துகொண்டு, தானாகவே அடங்கிவிடும். அங்கே வேலை செய்யும் உதவியாளர் சில கிழமைகளுக்கு ஒருமுறை அதன் மெமரி கார்டைக் கழற்றி, கத்தரிக்காய்ப் பை ஒன்றுக்குள் வைத்து, வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸில் கொடுத்துவிடுவார். காலி வீதியில் நின்று கொண்டக்டரிடம் வாங்கிக்கொள்வேன். கார்டு எனக்கு, கத்தரிக்காய் குசினிக்கு.

பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டினால் என் அறையில் பொழுதுபடத் தொடங்கும். வெளியே வெயில் கொளுத்தும், நான் என்னை அறியாமல் எழும்பி லைட்டைப் போடுவேன். எந்தத் தவளை எப்போது கத்துகிறது என்று குறிப்பதுதான் வேலை. அந்த வேப்பமரத்துக் கார்டில் குறிக்க வரவர ஒன்றும் இல்லாமல் போனது. சத்தமில்லாத வயலைக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பது போல இருக்கும்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள்தான் காதுக்குள் ஒரு பெண் கதைத்தாள்.

"சேர், கேக்குதே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதக் குரல் வந்தால் அந்தத் துண்டை அழிக்கவேண்டும், அது ஆய்வின் விதி. அழிக்கப் போன கை, அடுத்ததைக் கேட்டு நின்றது.

"கொழும்பிலை இருந்து கேட்டுக்கொண்டிருப்பினம் எண்டு பெட்டி கட்டின தம்பி சொன்னவர். என்ர பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறது வயல்கரைக் கிணத்துத் தண்ணியிலைதான். மருந்து அடிச்ச நாளிலையிருந்து குடிக்கிற பாலெல்லாம் கக்கிச் சத்தி எடுக்குது. இந்தத் தண்ணி குடுக்கலாமோ, சேர்? சொல்லுங்கோ."

பிறகு அவள் காத்துக்கொண்டு நின்றாள். பெட்டியை அவள் டெலிபோன் என்று நினைத்திருக்கிறாள். அது வெறுமனே பதிகிற சாமான், கொழும்பில் ஒருத்தி அதைக் கேட்கக் கிழமைக்கணக்காகும் என்று ஒருவரும் அவளுக்கு விளக்கவில்லை. அவளுடைய மூச்சு கேட்டது. தூரத்தில் குழந்தை சிணுங்கியது. அவள் போகவில்லை.

அடுத்த நாள் பதிவிலும் வந்தாள். அதே கேள்வி. "கோவமே, சேர்?" என்றும் கேட்டாள். நான் என்னை மறந்து, அந்த வெறும் அறைக்குள் கத்திவிட்டேன். "வேண்டாம் பிள்ளை, குடுக்காதை! வேற கிணத்திலை அள்ளு!"

கத்திய பிறகுதான் வெட்கம் வந்தது. உடனே உதவியாளருக்கு அழைத்தேன். கார்டைக் கழற்றி நெடுநாளாகிவிட்டது என்றார். பின்னேரமே அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் திரும்ப அழைக்கும்வரை எனக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் இறங்கவில்லை. அன்று சமைத்த கத்தரிக்காயையும் தொடவில்லை.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை, அக்கா. சிரிச்சுக்கொண்டு கிடக்கு," என்றார். "தாய் எப்பவோ தண்ணியை மாத்திப்போட்டா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆர் சொல்லி மாத்தினவ?"

"கொழும்பிலை இருந்து ஒரு அக்கா சொன்னவவாம். நீங்கள்தானே?"

"விசர்க் கதை கதையாதை தம்பி. நான் அவவோடை ஒருநாளும் கதைக்கேல்லை," என்று எரிந்து விழுந்து போனை வைத்தேன். பிறகு அதே கார்டின் மிச்சத்தைப் போட்டேன். எந்தப் பதிவைக் கேட்டு நான் கத்தினேனோ, அதற்கு அடுத்த நாள் பதிவு அது; நான் கத்துவதற்குக் கிழமைக்கணக்காக முன்னமே பதிந்தது.

"அக்கா, நேற்றுச் சொன்னது கேட்டது. பொம்பிளை எண்டு தெரியாமல் சேர், சேர் எண்டு கூப்பிட்டுக்கொண்டு நிண்டனான், குறை நினையாதேங்கோ. இப்ப குளத்தடிக் கிணத்திலைதான் அள்ளுறன்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்க்க வரும் குடும்பநல மாது யாராவது அந்தப் பக்கம் போயிருப்பார், அவர் சொன்னதை இவள் பெட்டியின் தலையில் கட்டிவிட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பகிடிக்கு அது போதும். அந்தத் துண்டுகளை நான் அழிக்கவுமில்லை.

அடுத்த கார்டு நேற்று வந்தது. போட்டுக் கேட்டேன். காற்று மட்டும் கொஞ்ச நேரம். பிறகு வேப்பமரத்தடியில் சருகு மிதிபடும் சத்தம்.

"அக்கா," என்றாள். குரல் பெட்டிக்கு மிகக் கிட்ட வந்திருந்தது. "பிள்ளைக்கு இன்னும் ஒண்டுமில்லை. ஆனால் குளத்தடிப் பக்கமும் மருந்து அடிச்சுப்போட்டினம். அந்தக் கிணத்திலையும் இப்ப ஒரு தவளையும் கத்தேல்லை. இனி எங்கை அள்ள?"

காத்துக்கொண்டு நின்றாள். குழந்தை இடுப்பில் இருந்திருக்கவேண்டும், அதன் மூச்சும் கேட்டது. அந்த ஊரில் எந்தக் கிணற்றைச் சுற்றி மருந்து அடிக்காமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னை வேலைக்கு வைத்தவர்களுக்கும் இன்னும் தெரியாது.

"அக்கா, இருக்கிறியளே?"

வாயைத் திறந்தேன். நான் என்ன சொன்னாலும் அவள் அப்படியே செய்துவிடுவாள் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.