ஐந்து மடங்கு பார்லோவும் ஒரு குடிபூரலும்

பரமட்டாவில் ரயிலேறி, வேலைக் களைப்போடு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு சின்னப் பார்சலோடு நிற்கிறார் என் மனைவி வாசுகி. போன மாதத்துக் கதை இது.

“என்னப்பா இது? பாரமே இல்லை. விலை மட்டும் நல்ல பாரமா இருக்கு!”

“பார்லோ லென்ஸ். டெலஸ்கோப்பில தெரியிறதை இன்னும் பெரிசாக் காட்டும். இது அஞ்சு மடங்கு!”

சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடையில் இரண்டு மடங்கு இருந்தது, மூன்று மடங்கு இருந்தது. ஐந்து இருக்கும்போது யாராவது இரண்டை வாங்குவார்களா, நீங்களே சொல்லுங்கள்? இரண்டு பேர் சாப்பிட ஃபேமிலி பாக் புரியாணி வாங்குகிற ஆள் நான்.

இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பெயர் குகன்.

குகன், வாசுகியின் தம்பி. விசா முடிவுக்காகக் காத்திருந்த வருடங்களெல்லாம் குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் பின் அறையில்தான் இருந்தான். பகலில் வெயார்ஹவுஸ் வேலை. பொழுதுபட்டதும் நானும் அவனும் ஆளுக்கொரு கோப்பை பிளேன்ரீயோடு பின்வளவுப் புல்தரையில் டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் நிற்போம். சந்திரன், வியாழன் ஒன்றும் அவனுக்குப் பெரிதில்லை. சனியின் வளையம் என்றால் மட்டும் கண்ணை எடுக்கமாட்டான். “அத்தான், இதை ஒருநாள் வடிவாப் படம் எடுத்துத் தாங்கோ. எனக்கெண்டு ஒரு வீடு வந்தா ஹோலில மாட்டுவன்” என்பான்.

விசா வந்தது. மெல்பேர்னில் நல்ல வேலை வந்தது. துவாரகாவோடு கல்யாணமும் ஆனது. அங்கேயே டார்னெய்டில் வீடும் கட்டிவிட்டான். இங்கே எங்கள் பின் அறை காலி. ஏன் பொய் சொல்லவேண்டும்... அவன் போனபிறகு நான் டெலஸ்கோப்பை வெளியே எடுக்கவே இல்லை. பக்கத்தில் ஆளில்லாமல், தனியே நின்று வானத்தைப் பார்த்து ‘ஆஹா’ என்று சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது.

இப்போது அந்த வீட்டுக்குக் குடிபூரல், அதாவது கிரகப்பிரவேசம். நாளும் வைத்தாகிவிட்டது. குடிபூரலுக்கு நம்மவர்கள் என்ன கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுவர் மணிக்கூடு, குத்துவிளக்கு, மறுபடியும் மணிக்கூடு! நான் அவன் கேட்ட படத்தைத்தான் கொடுக்கவேண்டும் என்று நின்றேன். வேறெதைக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

இருட்டியது. கேமராவுக்கும் டெலஸ்கோப்புக்கும் நடுவில் பார்லோவைப் பொருத்தி, லாப்டாப்பைப் பார்த்தேன். கறுப்பு. வெறும் கறுப்பு! தேடித் தேடி, கழுத்து வலித்து, ஒருவழியாகச் சனியைப் பிடித்தால்... மங்கலாக ஓர் உருளைக்கிழங்கு நெளிகிறது. வளையமா? மருந்துக்கும் இல்லை. ஃபோகஸைச் சரிசெய்யத் தொட்டால் உருளைக்கிழங்கு திரையை விட்டே ஓடிவிடுகிறது.

“இதையோ அவன் ஹோலில மாட்டப் போறான்?” என்று கேட்டுவிட்டு வாசுகி உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாளும் அதே உருளைக்கிழங்கு. அதற்கடுத்த நாள் முகில். வேறு வழியில்லாமல் செந்திலுக்குப் போன் போட்டேன்.

செந்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர். ஐடி வேலை. பல வருடங்களாகக் கோள்களைப் படமெடுப்பவர். சனிக்கிழமை சாயந்தரம் வந்தார், பார்லோவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணா, அஞ்சு மடங்கா! யாருண்ணா இத வாங்கச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நானே யோசிச்சு எடுத்தனான்.”

“அதான பார்த்தேன்!” என்று சிரித்தார். “பார்லோ புதுசா வெளிச்சத்தக் கொண்டு வராதுண்ணா. இருக்கிற வெளிச்சத்த விரிச்சுக் காட்டும், அவ்ளோதான். ஒரு டம்ளர் டிகாக்‌ஷன வச்சுக்கிட்டு தெருவுக்கே காபி போட்டா எப்படி இருக்கும்?”

“அப்ப எத்தினை மடங்கு வாங்கிறது?”

“அத உங்க கேமராகிட்டதான் கேக்கணும். பிக்சல் சைஸ் எவ்ளோ?”

பெட்டியைத் தேடிப் பார்த்தேன். ஏறக்குறைய நான்கு மைக்ரான்.

“அத அஞ்சால பெருக்குங்க. இருபது. டெலஸ்கோப்புக்கு எஃப் நம்பர்னு ஒண்ணு இருக்கு, அது ஏற ஏறப் படம் பெருசாகும், இருட்டாகும். கோளப் படமெடுக்கறப்ப அது கிட்டத்தட்ட இருபதுல வந்து நின்னா போதும். இப்ப உங்களுது எஃப் பத்து. ரெண்டு மடங்கு பார்லோ போட்டா இருபது. கணக்கு முடிஞ்சுது. நீங்க அஞ்சு மடங்கு போட்டு ஐம்பதுக்குக் கொண்டு போயிட்டீங்க. படம் இருட்டாத்தான் இருக்கும், ஆடத்தான் செய்யும்!”

இவ்வளவுதானா? சின்ன வகுப்புப் பெருக்கல் கணக்கு! பெரிதாகத் தெரிவது வேறு, தெளிவாகத் தெரிவது வேறு என்று எனக்கு உறைக்க ஓர் உருளைக்கிழங்கு தேவைப்பட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் நம்மில் பலருக்குள் பிறவியிலேயே ஓர் ஐந்து மடங்கு பார்லோ இருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் செலக்டிவ் ஸ்கூல் நுழைவுத்தேர்வு மார்க்கை அதற்குள்ளால்தான் பார்க்கிறோம்!

செந்தில் அத்தோடு விடவில்லை. “அந்தப் பக்கத்து வீட்டுக் கூரையப் பாத்தீங்களா? கறுப்பு ஓடு. பகல் பூரா வெயில்ல காஞ்சிருக்கு, இப்ப அந்தச் சூடு மேல வருது. அதுக்கு மேலயே பாத்தா எந்த லென்ஸா இருந்தாலும் நெளியும்.”

டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு புல்தரையின் மறுபக்கத்துக்குப் போனோம். அவருடைய இரண்டு மடங்கு பார்லோவை இரவல் தந்தார். சனி கூரைக்கு மேலே நன்றாக ஏறும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஃபோகஸை மெல்லத் திருப்பினேன்.

ஐயோ! வளையம்!

சின்னதாகத்தான். ஆனால் கத்தியால் சீவியதுபோல அத்தனை சுத்தம். “குகன், இஞ்ச பாரடா!” என்று திரும்பிவிட்டேன். செந்தில்தான் நின்றார். பாவம், அவரும் வந்து பார்த்தார்.

அதை வீடியோவாக எடுத்து, தெளிவான ஃபிரேம்களை மட்டும் சாஃப்ட்வேரில் பொறுக்கி அடுக்கி, ஒரே படமாக்கி, கண்ணாடி போட்டு பிரேம் பண்ணிக்கொண்டு வந்தேன். பெருமையோடு வாசுகியின் முன்னால் நிமிர்த்திப் பிடித்தேன்.

அவர் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“உங்களுக்கென்ன விசரோ? குடிபூரலுக்குச் சனியனைக் கொண்டுபோறியளோ?”

அடக் கடவுளே! பிக்சலைப் பார்த்தேன், எஃப் நம்பரைப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக் கூரையைக்கூடப் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லையே!

“அவனுக்கு ஏழரைச் சனி இப்பத்தான் முடிஞ்சது. போன ஆளைப் பிரேம் போட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறார் அத்தான்காரன்! துவாரகான்ர அம்மா கண்டா என்ன சொல்லுவா?”

பரமட்டாவுக்குப் போய் ஒரு மணிக்கூடு வாங்கினேன். ஆம், மணிக்கூடு!

ஆனால் படத்தை வீட்டில் விட்டுப்போக மனம் கேட்கவில்லை. பெட்ஷீட்டில் சுற்றி, வாசுகிக்குத் தெரியாமல் காரின் பின்பெட்டியில் வைத்தேன்; இருவருமாக டார்னெய்டுக்குக் காரில் போனோம். குடிபூரல் அமோகமாக நடந்தது. பால் பொங்கியது. மணிக்கூடுகள் குவிந்தன. குகன் ஓடியாடி எல்லோரையும் கவனித்தான். என்னோடு இரண்டு வார்த்தை பேச அவனுக்கு நேரமில்லை. எனக்கு வந்ததே வீண் என்றாகிவிட்டது.

மறுநாள் காலை புறப்படும்போது, பலகாரப் பையை வைக்கவென்று குகன் காரின் பின்பெட்டியைத் திறந்தான். பின்னாலேயே அவனுடைய மாமி, துவாரகாவின் அம்மா, இன்னொரு பையோடு.

“இது என்ன அத்தான்?” பெட்ஷீட்டை இழுத்தே விட்டான்.

“அது... ஒண்டுமில்லையடா...”

குகன் படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். வாசுகி என்னை முறைத்தார். “ஆர் தம்பி இது?” என்று மாமி கேட்டார்.

“சனீஸ்வரன், மாமி” என்றான் குகன்.

மாமி அந்த இடத்திலேயே, காங்கிரீட் டிரைவேயில், செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்து கிட்ட வந்து பார்த்தார். “வடிவாத்தான் இருக்கிறார்... ஆனா உந்தாளை வீட்டுக்குள்ள விடேலாது, தம்பி. இப்பத்தானே உம்மை விட்டுப் போனவர்!”

குகன் படத்தைக் கீழே வைக்கவில்லை.

“மாமி, அந்த ஏழரையில முக்கால்வாசியும் நான் அத்தான் வீட்டிலதான் இருந்தனான். விசா இல்லை, ஒண்டும் இல்லை. பொழுதுபட்டா அத்தான் பிளேன்ரீயோட வந்து கூப்பிடுவார்.” என் பக்கம் திரும்பினான். “அது கெட்ட காலம் எண்டு எனக்குத் தெரியவே இல்லை அத்தான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசுகி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சுவார்த்தையின் முடிவில் படம் கராஜ் சுவருக்குப் போனது. ஹோல் கிடையாது என்பதில் மாமி உறுதி. நேற்று குகன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கராஜில், படத்துக்குக் கீழே, மாமி ஏற்றிய எள்ளெண்ணெய் விளக்கு எரிகிறது.

இத்தனை வருடங்களில் நான் எடுத்த ஒரு படத்துக்கு யாராவது விளக்கு வைத்தது இதுதான் முதல் தடவை!