ஒத்தக் கையால படிக்கற எழுத்து

பச்சிலைச் சாறு வாசனை... அதோட கொஞ்சம் முட்டை வாசனையும். புத்தூர்ல எலும்புக்குக் கட்டு கட்டற இடத்துக்குள்ள நுழைஞ்சதுமே மூக்குல ஏறும். வீட்டுக்கு வந்து குளிச்சாலும் லேசுல போகாது.

கை கால் முறிஞ்சவங்க நடுவுல எனக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? ஃபாண்ட் பாக்கப் போனேன்.

அப்போ திருப்பதியில ஒரு சின்ன வெப்சைட் கம்பெனியில சேர்ந்த புதுசு. முதல் வேலை, ப்ரொபேஷன் வேற. அந்தக் கட்டுக்காரங்க எங்ககிட்ட சைட் கேட்டிருந்தாங்க. கட்டை நனைக்கலாமா, எப்படிப் படுக்கணும், மறுபடி எப்போ வரணும்... எல்லாம் தெலுங்குலயும் தமிழ்லயும் வேணும். அரக்கோணம், திருவள்ளூர் பக்கமிருந்து ரயிலேறி வர்ற கூட்டம் அங்க அவ்வளவு.

எங்க ஆபீஸ்ல ஒரு வேடிக்கை. எல்லார் வீட்லயும் தமிழ்தான், ஆனா படிச்சது தெலுங்கு மீடியம். தமிழ்ல பேசுவாங்க, சண்டை போடுவாங்க... படிக்க மட்டும் வராது. நாகலாபுரத்துல தமிழ் மீடியம் படிச்ச நான் ஒருத்திதான் விதிவிலக்கு. அதனால தமிழ் ஃபாண்டை எல்லாரும் கோலம் பாக்கற மாதிரி பாத்துத்தான் செலக்ட் பண்ணாங்க. முடி மாதிரி மெல்லிசு. பொடி சைஸ். கலர் வேற சாம்பல்.

"படிக்கவே கஷ்டமா இருக்குதுண்ணா"ன்னு ஓனர் பிரபாகர் அண்ணாகிட்ட சொன்னேன்.

"பாகுந்தி கதாம்மா... நல்லாத்தானே கீது? வேணும்னா ரெண்டு வெரலால இழுத்து பெர்சு பண்ணிக்கினு போறாங்க."

இதுக்கு மேல இழுத்தா வேலைக்கே வேட்டுன்னு தெரியும். ஆனாலும் மனசு கேக்கல. படிக்கப் போறவங்களையே கேட்டுடலாம்னு சனிக்கிழமை பஸ் ஏறிட்டேன்.

அங்க பெஞ்சுல ஒரு அம்மா. வலது கைக்கு மூங்கில் பட்டை வச்சுக் கட்டி, கழுத்துல மாட்டித் தொங்க விட்டிருந்தாங்க. என் போனைக் குடுத்து, "இதப் படிச்சுப் பாக்கறீங்களா?"ன்னேன்.

இடது கையில வாங்கி தூரமா வச்சாங்க... கிட்ட வச்சாங்க... பெரிசு பண்ணலாம்னா இன்னொரு கை வரணுமே. மடியில வச்சாங்க, வழுக்கிடுச்சு. கடைசியில என்கிட்டயே நீட்டிட்டாங்க.

"நீயே படிச்சு சொல்லு கண்ணு. ரெண்டு கையும் நல்லா இருந்தா நான் இங்க இன்னாத்துக்கு வரேன்?"

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. இத்தனை நாள் அந்த ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருக்கேன், எனக்கே இது தோணல.

திங்கக்கிழமை முதல் வேலையா, அண்ணாவுக்குப் படிக்க வர்ற தெலுங்குப் பக்கத்தையும் அதே மாதிரி மெல்லிசா, பொடியா, சாம்பலா மாத்தினேன். பிரபாகர் அண்ணாவோட வலது கையை என் துப்பட்டாவால கழுத்தோட சேத்துக் கட்டி, வெயில்ல கூட்டிட்டுப் போய் நிறுத்தினேன். சிரிச்சுக்கிட்டேதான் வந்தார்.

"இப்போ படிங்கண்ணா."

முதல்ல கெத்தா ஆரம்பிச்சார். அப்புறம் கண்ணைச் சுருக்கினார். போனை நெஞ்சோட சேத்து அமுக்கிப் பாத்தார். கடைசியில மூக்கால தேச்சு பெரிசு பண்ணப் பாத்தார் பாருங்க... எதிர் டீக்கடையில இருந்தவங்க க்ளாஸை வச்சுட்டு வேடிக்கை பாத்தாங்க.

"போதும்மா, அவுத்து உடு."

"பதில் சொல்லுங்கண்ணா. கட்டை நனைக்கலாமா, கூடாதா?"

"தெலீதும்மா... தெரியல"ன்னு முனகினார். அன்னிக்கே ஃபாண்ட் மாறிடுச்சு. நல்ல தடிமன், கறுப்பு, பெரிய சைஸ், வரிக்கு வரி தாராளமா இடம்.

சைட் வந்தப்புறம் மறுபடி புத்தூர் போனேன். ஒரு கையில கட்டோட ஒரு அக்கா, இன்னொரு கையில போன்ல எங்க சைட்டைத் திறந்து, கட்டைவிரலால தள்ளித் தள்ளி தானாவே படிச்சுக்கிட்டிருந்தாங்க. முடிச்சுட்டு வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தாங்க.

"நனைக்கவே கூடாதாம். வேலை எதுவும் செய்யக் கூடாதாம். பாத்திரம் நீதான் கழுவணும்."

அவர் நம்பாம போனை வாங்கிப் படிச்சார். தெளிவாத்தான் இருந்துச்சு. திருப்பிக் குடுத்துட்டார்.

இப்போ சென்னையில பெரிய கம்பெனி. ஃபாண்ட் செக் பண்ணவே தனி சாஃப்ட்வேர் இருக்கு, எல்லாத்துக்கும் ரிப்போர்ட் வந்துடுது. நல்லதுதான், குறை சொல்லல. ஆனா படிக்கறவங்க முகத்தைப் பாத்து ரொம்ப வருஷமாச்சு... அது எனக்கு ஏக்கமாத்தான் இருக்கு.

இப்போ கையில இருக்கறது ஒரு கண் ஆஸ்பத்திரி சைட். ரிப்போர்ட்ல எல்லாம் பாஸ். நாளைக்கு லீவு போட்டுட்டு அந்த வெயிட்டிங் ஹால்ல போய் உக்காரப் போறேன். டீம்ல பசங்க சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.