ரெக்கார்டு சார் மாற்றிவைத்த குரல்

ரெக்கார்டு சாரை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். முப்பத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தின் பதிவறையைக் கட்டி மேய்த்தவர். ஒரே காகிதம் இரண்டு இடத்தில் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி விடவில்லை. என் கடையில் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து எதையும் காப்பி செய்ய மாட்டார். கட் செய்துதான் வேறிடத்தில் வைப்பார்.

“காப்பி பண்ணுங்க சார், ரெண்டு இடத்துல இருந்தா நல்லதுதானே” என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

“அப்புறம் எது அசல்னு யாரும்மா தேடறது?” என்பார்.

அவர் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவைக்கு முந்தைய மூன்று வாரமும் அந்த அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தொலைவில் படிக்கும் மகளுக்காகப் பேசிப் பதிந்தார். காய்ச்சல் வந்தால் கேட்க ஒன்று, கோபம் வந்தால் கேட்க ஒன்று என்று நாற்பத்தொரு பதிவுகள். உயிர் தங்கியது. குரல் போய்விட்டது.

மகளுக்குக் கொடுத்தனுப்ப, பதிவுகளை ஒரு வெளி டிஸ்க்குக்கு மாற்ற உட்கார்ந்தார் சார். வழக்கம்போல் கட். பாதியில் கரண்ட் போனது. இங்கே அழிந்துவிட்டது, அங்கே போய்ச் சேரவில்லை. அதோடு கை வைக்காமல் என்னிடம் வந்திருந்தால் பெரும்பகுதியை நான் மீட்டிருப்பேன். மனுஷர் பதறிப்போய், மீட்டுத் தருவதாகச் சொன்ன புரோகிராம்களை எல்லாம் அதே கம்ப்யூட்டரில் இறக்கி, அழிந்த இடத்தின் மேலேயே எழுதிவிட்டார்.

நான்கு நாள் மல்லுக்கட்டினேன். நாற்பத்தொரு பெயர்களும் வரிசையாகக் கிடைத்தன. திறந்தால் வெறும் இரைச்சல். ஒன்றே ஒன்றில் பதினோரு நொடி பிழைத்திருந்தது. முதலில் நான் மட்டும் கேட்டேன். இதைப் போட்டுக் காட்டாமலே இருந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் குரலை ஒளித்துவைக்க நான் யார்?

இருவரும் வந்து உட்கார்ந்ததும் போட்டேன்.

“குட்டி, இது உனக்குத் தூக்கம் வராத அன்னைக்கு...”

பதிவிலேயே, பக்கத்து அறையிலிருந்து சாரின் குரல் குறுக்கே வந்தது. “எப்பப் பாரு பேச்சு. கொஞ்ச நேரம் பேசாம இரேன், தலை வலிக்குது.”

“சரிங்க.”

அவ்வளவுதான்.

அம்மா மறுபடி போடச் சொல்லி விரல் காட்டினார். சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

அம்மா அவர் கைகளை மெல்ல விலக்கினார். அவர் முகத்தைப் பார்த்து உதடுகளை அசைத்து ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை.

“என்ன சொல்றே?” என்று அவர் தேம்பினார். “எனக்குப் புரியலையே. இன்னொரு தடவ சொல்லேன்.”